திரும்பி வரும் நாலு நாள்

கச்சோராவில் ஒருவருக்கு இலாரியாவைத் தெரியவில்லை என்றால் அவருக்கு இதுவரை பசித்ததே இல்லை என்று அர்த்தம். பதினாலு வருஷம் குஸ்கோ நகரத்துச் சுற்றுலாக் கம்பெனிகளுக்கு மலைச் சமையல் செய்தவள் அவள். அப்பூரிமாக் ஆற்றுப் பள்ளத்தில் இறங்கி, எதிர்மலையில் ஏறி, சோக்கேகிராவின் பழைய கற்சுவர்களைப் பார்க்கப் போகிற வெள்ளைக்காரர்களுக்கு, காற்று அடுப்பையே தூக்கிக்கொண்டு போகிற இடத்திலும் சுடச்சுட கினோவா சூப் கொடுத்தவள். கூலி என்னவோ ஒரு நாளைக்கு நாற்பது சோல்தான். கம்பெனி வாங்குகிற பணம் எவ்வளவு என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை. கேட்டால் மட்டும் சொல்லிவிடப் போகிறார்களா?

அந்த வருஷம் ஏப்ரலில் பெல்ஜியத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் மார்லேன் டீச்சர். இரண்டு வருஷம் முன்பு இலாரியாவின் சூப்பைக் குடித்துவிட்டு மூன்றாம் தடவையும் கிண்ணத்தை நீட்டியவர். இந்தத் தடவை நாலு டீச்சர் தோழிகளோடு வருகிறாராம். சோக்கேகிராவோடு நிற்காமல் மலைகளைத் தாண்டி மாச்சு பிச்சு வரை எட்டு நாள் பயணம் போக ஆசையாம். "கம்பெனி வேண்டாம், நீயே கூட்டிப்போ. எவ்வளவு ஆகும் என்று எழுது" என்று ஸ்பானிஷில் தப்பும் தவறுமாக எழுதியிருந்தார்.

இலாரியா கடிதத்தை மடித்து, மறுபடி விரித்துப் படித்தாள். நாற்பத்து மூன்று வயதில் முதல் தடவையாக, தன் பெயரில் ஒரு பயணம்!

மூன்று நாள் அடுப்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். வழிகாட்டி கூலி, கூடார வாடகை, எரிவாயு, நுழைவுச்சீட்டு, கடைசி நாள் ரயில், ஓட்டல், ஒன்பது வயிற்றுக்கு ஏழு நாள் சாப்பாடு. எலுமிச்சம்பழம் வரைக்கும் எழுதினாள். புருஷன் செனோன் சோளம் உரித்துக்கொண்டே வம்புக்கு இழுத்தான்.

"ஏன்டி, தீக்குச்சிய எண்ணிட்டியா? ஒரு பெட்டியில நாப்பது இருக்குமாம்."

"நீ பேசாம உரி. உன்னயும் செலவுல எழுதிடுவேன்."

"எழுது எழுது. அப்பவாவது எனக்கு ஒரு வெல இருக்குன்னு தெரியட்டும்."

சுமைக்கு ஆறு கோவேறு கழுதைகள், ஓட்டிப்போக இரண்டு பேர். அதற்கு ஊரிலேயே மூத்த கழுதைக்காரர் நிக்காசியோவைப் போய்ப் பார்த்தாள். அறுபது வயது மனிதர். கழுதை ஒன்றுக்கு நாளைக்கு இருபத்தைந்து, ஆளுக்கு முப்பது என்று பேசி முடித்தார்கள். ஆறு கழுதைகளில் மூன்று அவருடையவை, மூன்று பக்கத்து வீடுகளுடையவை. கூட வருவது அவருடைய மச்சினன் மெல்ச்சோர். வாசலிலேயே நின்று விரல் விட்டு ஏழு நாள் எண்ணி, "ஏழு நாள்ணே" என்றாள். அவர் வாயில் கோக்கா இலையை ஒதுக்கிக்கொண்டு, "சரி தங்கச்சி" என்றார். அத்தோடு சரி.

எல்லாம் போக அவளுக்கு எழுநூற்று நாற்பது சோல் மிஞ்சும் என்று கணக்கு வந்தது. டீச்சர் கடிதத்தில் எழுதியிருந்த குஸ்கோ கம்பெனி விலையைவிடத் தலைக்கு நூற்றைம்பது குறைவு. டீச்சர் உடனே சரி என்று எழுதிவிட்டார். மிஞ்சப்போகிற பணத்தை நம்பி இலாரியா ஐந்நூறு சோலுக்குச் சொந்தமாக ஒரு இரட்டை அடுப்பும் சிலிண்டரும் வாங்கிவிட்டாள். வாங்காமல் எப்படி? இரவல் அடுப்பில் சமைத்தால் அது சொந்தப் பயணமா?

ஜூலையில் புறப்பட்டார்கள். குஸ்கோவிலிருந்து வழிகாட்டி வில்பெர் வந்து சேர்ந்தான். வாய் பேசினால் மலையே வழிவிடும், அப்படிப்பட்ட ஆள். முதல் மூன்று நாள் இலாரியாவுக்குக் கால் தரையில் படவில்லை. பள்ளத்தின் வெக்கையில் ஐந்து டீச்சரம்மாக்களும் தக்காளிப் பழமாகச் சிவந்து, மரம்பட்டா மேட்டில் ஏறும்போது முனகி, சோக்கேகிராவ் படிக்கட்டுகளில் உட்கார்ந்து வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கம்பெனி சமையல்காரியாக இருந்தபோது அவளுக்கு அந்தச் சுவர்கள் வெறும் சாப்பாட்டு நேரம்தான். இந்தத் தடவை அவளும் அவர்களோடு உட்கார்ந்து பார்த்தாள். தானே கூட்டி வந்த இடம் அல்லவா, பார்க்காமல் எப்படி இருப்பாள்?

நாலாம் நாள் மாய்சாலில் கூடாரம் அடித்தார்கள். மார்லேன் டீச்சர் கழுதையின் நெற்றியைத் தடவிக்கொண்டே, சும்மா பேச்சுக்கு, "இதுங்க எல்லாம் நம்ம கூட ரயில்ல வருமா?" என்று கேட்டார்.

"ரயில்லயா!" இலாரியா சிரித்தாள். "லா பிளாயாவுல நடை முடிஞ்சு சும இறக்கினதும் ஊருக்குத் திரும்பிடும் டீச்சரம்மா. நாலு நாள் நடை."

சொல்லி முடித்ததும்தான் அது அவள் காதிலேயே விழுந்தது.

நாலு நாள். அந்த நாலு நாளைக் கணக்கில் எழுதவே இல்லை.

கச்சோராக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. அந்த ஊருக்குத் தெரிந்த பயணம் சோக்கேகிராவ் போய்விட்டு அதே வழியில் வீடு திரும்புவது. போகிற நாளும் வருகிற நாளும் ஒரே எண்ணிக்கையில் அடக்கம். கடைசி நாள் கழுதை அதன் கொட்டடியிலேயே வந்து நிற்கும். வெறுங்கழுதை வீடு திரும்புவதற்கும் கூலி உண்டு என்று பிரித்து எண்ண வேண்டிய அவசியமே யாருக்கும் வந்ததில்லை. தொலைவழிக் கணக்கெல்லாம் குஸ்கோ ஆபீசில் யாரோ போடுகிற கணக்கு. இலாரியா கூடாரத்துக்குப் பின்னால் போய் நோட்டை விரித்தாள். ஒரு நாளைக்கு இருநூற்றுப் பத்து, நாலு நாளைக்கு எண்ணூற்று நாற்பது. கையில் மிஞ்சியிருப்பது இருநூற்று நாற்பது. அறுநூறு சோல் துண்டு விழுகிறது!

கையைக் கடிப்பது இருக்கட்டும், அதையாவது தாங்கலாம். கச்சோரா கழுதைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சுமையை எந்த இடத்தில் அவிழ்க்கிறார்களோ அந்த இடத்திலேயே, கழுதை திரும்பும் முன், முழுக்கூலியும் கைக்கு வந்துவிட வேண்டும். அங்கே ஒருவர் பாக்கி சொன்னால் அதன் பிறகு ஊரில் ஒருத்தரும் அவருக்குக் கழுதை கட்ட மாட்டார்கள். கழுதை இல்லாமல் அந்த மலையில் யார் பயணம் நடத்த முடியும்? முதல் பயணமே கடைசிப் பயணமாகிவிடும். மறுபடி கம்பெனி வாசலில் கரண்டியோடு நிற்க வேண்டியதுதான்.

அன்று சூப்பில் உப்பு போட மறந்தாள். பதினாலு வருஷத்தில் முதல் தடவை. நிக்காசியோ ஒரு வாய் குடித்துவிட்டு, உப்பு டப்பாவைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

வில்பெர் மட்டும் கண்டுபிடித்துவிட்டான். மறுநாள் கணவாய் ஏறும்போது கேட்டே விட்டான். விஷயத்தைச் சொன்னதும் அவனுக்கு ஒரே சிரிப்பு.

"இதுக்கா மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டிருக்கீங்க? குடுக்காதீங்கக்கா. எப்படியும் அவுங்க வீட்டுக்குப் போய்த்தானே ஆகணும்? கழுதைக்கு வழி தெரியும்."

"உன் வீட்டுக்கு நீ போறதுக்கு பஸ் காசு கேட்டியே, அது எதுக்குடா?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற? நீ ரெண்டு கால், அது நாலு கால். அதானே?"

வில்பெர் சிரித்துக்கொண்டே முன்னால் நடந்தான். ஆனாலும் சும்மா இருக்கிற ஆளா அவன்? ஆறாம் நாள் மாலை, கடைசிக் கூடாரத்தில் டீச்சரம்மாக்கள் ஒரு தொப்பியைச் சுற்றவிட்டுக் கழுதைக்காரர்களுக்கென்று அன்பளிப்பு சேர்த்தார்கள். நானூறு சோல்! உறையில் போட்டு, நீயே கொடுத்துவிடு என்று இலாரியா கையில் வைத்தார் மார்லேன் டீச்சர். நிக்காசியோவும் மெல்ச்சோரும் அந்த நேரம் ஆற்றோரம் கழுதைகளை மேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

வில்பெர் காதருகே வந்தான். "சாமியே குடுத்த மாதிரி வந்திருக்கு பாருங்க. இதைத் திரும்பிப் போற கூலின்னு சொல்லிக் குடுத்துடுங்க. அவுங்களுக்கும் காசு வருது, உங்களுக்கும் மானம் நிக்குது. யாருக்குத் தெரியப்போவுது?"

இலாரியா உறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொல்வானேன், அவளுக்கும் ஆசை வந்தது. ஒரு நிமிஷம் இல்லை, உருளைக்கிழங்கு வெந்து முடிகிற வரைக்கும் அந்த ஆசை இருந்தது. பிறகு எழுந்து ஆற்றங்கரைக்குப் போனாள். "டீச்சரம்மாக்கள் உங்களுக்குன்னு குடுத்தது. கூலியில சேராது" என்று உறையை நிக்காசியோ கையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள். நின்றால் மனசு மாறிவிடும் என்று அவளுக்குப் பயம்.

ஏழாம் நாள் மதியம் லா பிளாயா. காப்பித் தோட்டங்களுக்கு நடுவே வண்டி காத்திருந்தது. டீச்சரம்மாக்கள் கழுதைகளோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். சுமைகளை அவிழ்த்து அடுக்கியாயிற்று. இலாரியா துணிப்பையை அவிழ்த்து, ஏழு நாள் கூலி ஆயிரத்து நானூற்று எழுபதை நிக்காசியோவின் போர்வையில் எண்ணி வைத்தாள். அதன் மேல் இருநூற்று நாற்பதை வைத்தாள். அப்புறம் போய்ப் புது அடுப்பைத் தூக்கி வந்து போர்வைப் பக்கத்தில் வைத்தாள்.

"அண்ணே, தப்புப் பண்ணிட்டேன். நீங்க திரும்பிப் போற நாலு நாள நான் எண்ணவே இல்ல. அறுநூறு கொறையுது. இந்த அடுப்ப எடுத்துட்டுப் போங்க. பாக்கிய நான் குடுத்ததும் திருப்பிக் குடுங்க. குடுக்க முடியலன்னா வித்துக்குங்க."

மெல்ச்சோர் மச்சான் முகத்தைப் பார்த்தான். நிக்காசியோ அடுப்பைப் பார்த்தார்.

"ஏம்புள்ள, இத எந்தக் கழுத மேல கட்டச் சொல்றே? எல்லாத்துக்கும் சும இருக்கே."

"என்ன சும? இப்பத்தானே இறக்கினீங்க?"

"காப்பி மூட்ட. திரும்பிப் போற வழியில யனாமா கடைக்காரனுக்கு. அவுங்க ஊர்ல திருவிழா வருதுல்ல. கழுதைக்கு அறுபது சோல் தர்றான். நாம கச்சோராவுல கெளம்புறதுக்கு ரெண்டு வாரம் முந்தியே ஆள் விட்டுப் பேசிட்டேன்."

இலாரியாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கெளம்புறதுக்கு முன்னாடியேவா?

"என் வாசல்ல நின்னு ஏழு வெரல எண்ணிட்டு மூடிட்டே பாரு, அப்பவே தெரியும்" என்றார் நிக்காசியோ. "முப்பத்தஞ்சு வருசமா கழுத ஓட்டறவனுக்கு இது தெரியாதா?"

பயம் போன இடத்தில் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "தெரிஞ்சும் வாயத் தொறக்கலியே! நாலு நாளா சோறு இறங்கல எனக்கு. அன்னிக்கு உப்பில்லாத சூப்பு, இன்னிக்குக் கருகின சோளம்! ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சு போயிருப்பீங்க?"

"சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பே?"

"எண்ணூத்தி நாப்பத வெலையில சேத்திருப்பேன்."

"சேத்திருந்தா கம்பெனி வெலைக்கு வந்திருக்கும். அதே வெலைன்னா இந்த டீச்சரம்மாக்கள் போர்டு வச்ச கம்பெனிக்கிட்டத்தானே போயிருப்பாங்க? மூணு தடவ சூப்பு குடிச்சவங்கன்னாலும் கூட வர்ற நாலு பேருக்கும் பயம் இருக்காதா? நீயும் இந்நேரம் அந்தக் கம்பெனி கரண்டியத்தான் பிடிச்சிக்கிட்டு இருப்பே. அதான் சொல்லல. மொதல்ல நீ கெளம்பணும்னு நெனச்சேன். மிச்சத்த வழியில பாத்துக்கலாம்."

இலாரியா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை. தூரத்தில் மார்லேன் டீச்சர் பதறிப்போய் ஓடி வர, வில்பெர் ஏதோ சொல்லித் தடுத்தான்.

நிக்காசியோ குந்தி உட்கார்ந்து கணக்கைப் போட்டார். நோட்டும் இல்லை, பேனாவும் இல்லை. காப்பி முந்நூற்று அறுபது. அவள் வைத்த இருநூற்று நாற்பது. ஆக அறுநூறு. ஆறு கழுதைக்கு நாலு நாள் கூலி சரியாகப் போச்சு. பக்கத்து வீட்டார் கழுதைக்குக் காசாகத்தான் கொடுக்க வேண்டும், அதில் பேச்சே இல்லை.

"பாக்கி எங்க ரெண்டு பேரு கூலி. அது இருநூத்தி நாப்பது. அதக் காசா வாங்க மாட்டோம். ஐனில வச்சிக்கிறோம். நாலு நாள் எங்க வீட்டு வேலைக்கு வா, நாலு நாள் மெல்ச்சோர் வீட்டுக்கு வா. ஆள் ஒழைச்சதுக்கு ஆள் ஒழைச்சுக் குடுக்கறது. அவ்வளவுதான்."

"காசாவே குடுத்துடறேண்ணே. ரெண்டு மாசம் குடுங்க."

"வேணாம். அடுத்த மாசம் கூரை மாத்தறேன். முப்பது பேரு வருவாங்க. என் பொண்டாட்டி சமையல் எப்படின்னு உனக்குத் தெரியும்ல? போன கூரைக்குப் பாதிப் பேரு பாதியிலேயே எறங்கிப் போயிட்டாங்க."

மெல்ச்சோர் அவசரமாகக் குறுக்கே வந்தான். "அக்கா, அப்படியே எங்க வீட்டுக் கூரையையும் பிரிச்சிடறேன். நல்லாத்தான் இருக்கு, இருந்தாலும் பிரிச்சிடறேன்."

இலாரியா அழுதுகொண்டே சிரித்தாள். அடுப்பைத் திரும்பத் தூக்கி வண்டியில் வைத்தாள். மூட்டைகளைக் கட்டி முடிக்கிற வரை கயிறு பிடித்துக் கொடுத்தாள். வழித்துணைக்கு மலைச்சாமியை வேண்டி, மேல்மலைப் பக்கம் மூன்று கோக்கா இலைகளை ஊதிவிட்டு நிக்காசியோ முதல் கழுதையைத் தட்டினார்.

"கடவுள் உங்களுக்குத் திருப்பிக் குடுக்கணும்ணே" என்றாள். அந்தப் பக்கத்து ஜனங்கள் மனசு நிறைந்தால் சொல்கிற வார்த்தை அது.

"அவரா? முப்பது பேருக்கு அவரா வந்து கெழங்கு உரிக்கப் போறாரு? நீ வா."

கழுதைகள் காப்பி மூட்டைகளோடு பாதையில் ஏறின. வண்டிக்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான். இலாரியா நகரவில்லை. மேலே வளைவில் மெல்ச்சோரின் தொப்பி மறைகிற வரை நின்றாள். எட்டு நாள் உழைப்பு பாக்கி வைத்திருக்கிறாள், கையில் ஒரு காசு இல்லை. கடன்பட்டு இவ்வளவு சந்தோஷமாக நின்றது அவளுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.