பதினோராயிரம் ரூபாய்ப் பூசணிக்காய்

எங்கள் வீட்டில் சிக்கனத்துக்கு நான்தான் மந்திரி. ராஜா என் கணவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் வேலை போய் உட்கார்ந்திருந்தார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பதினாறு வருஷம் சூப்பர்வைசர். ஒரு நாள் ஒரு ஷிஃப்டையே மூடிவிட்டு, கையில் ஒரு கவரைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் கவர் நாலு மாத வீட்டுக் கடன் தவணைக்குச் சரியாகப் போயிற்று. பிறகு தாம்பரத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்கு பில் போடப் போனார். பழைய சம்பளத்தில் பாதிகூட இல்லை.

அதற்கு மூன்று வருஷம் முன்னால்தான் பெருங்களத்தூரில் ஃபிளாட் வாங்கியிருந்தோம். பால்கனியில் நின்றால் அடுத்த ஃபிளாட்டின் பால்கனி தெரியும், அதுதான் வியூ. வீட்டுக் கடன் ஒன்று, பத்திரப் பதிவுக்காக வாங்கிய பர்சனல் லோன் ஒன்று, சமையலறையில் அலமாரி அடித்ததற்கு கிரெடிட் கார்டு. அலமாரிக்குள் வைக்க மளிகை குறைந்துபோன பிறகும் அலமாரிக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தோம். நான் சேலையூரில் ஒரு பள்ளியில் டீச்சர். என் சம்பளம் வீட்டுக் கடனுக்கே போய்விடும். அவர் சம்பளத்தில் மற்றத் தவணைகள் போக மிஞ்சியதில் மூன்று பேர் சாப்பிட வேண்டும், மகள் படிக்க வேண்டும்.

மகள் ஒரே பிள்ளை. ஜிஎஸ்டி ரோட்டு ஓரத்தில் ஒரு கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அந்த செமஸ்டருக்கு முப்பத்தெட்டாயிரம் கட்ட வேண்டும். கட்டினால்தான் ஹால் டிக்கெட். பரீட்சை எழுதி, அரியர் இல்லாமல் இருந்தால்தான் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்கார முடியும். அவளுக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டால் கரையேறிவிடலாம். எங்கள் குடும்பத்தின் மொத்தத் திட்டமும் அவ்வளவுதான்.

அந்த முப்பத்தெட்டாயிரத்துக்காக நான் வெட்டாத செலவில்லை. பால் ஒரு லிட்டரிலிருந்து அரை லிட்டர் ஆயிற்று. கேன் தண்ணீரை நிறுத்திவிட்டு போர் தண்ணீரைக் காய்ச்சினேன். டீயில் உப்புக் கரிக்கும், யாரும் வாயைத் திறக்கக் கூடாது. மீன் வஞ்சிரத்திலிருந்து சங்கராவுக்கும், சங்கராவிலிருந்து மத்திக்கும் இறங்கி, கடைசியில் நெத்திலிக் கருவாட்டில் வந்து நின்றது. மார்க்கெட்டுக்குக் கடை கட்டுகிற நேரமாகப் பார்த்துப் போய், வதங்கிய கத்திரிக்காயைக் கூறு பத்து ரூபாய்க்கு வாங்கி வருவேன், அதிலும் ஒரு காய் கூடப் போடச் சொல்லி வம்பு பண்ணுவேன். சொந்தக்காரர் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினேன், போனால் கவர் வைக்க வேண்டுமே. சித்தி மகள் கல்யாணத்துக்கே காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன்.

மகள் ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டு ஸ்டேஷனிலிருந்து நடந்தே வருவாள். ஒரு தடவை மட்டும், தோழிகள் எல்லாரும் ஒரே மாதிரிச் சேலை எடுக்கிறார்கள், எழுநூறு ரூபாய் ஆகும் என்றாள். ஒரு மணி நேரம் அவளை நிற்க வைத்து, கரண்ட் பில் முதல் காஸ் சிலிண்டர் வரை கணக்கு ஒப்பித்தேன். அதற்கப்புறம் அவள் எதுவும் கேட்டதில்லை. நல்ல பிள்ளை என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். இப்போது யோசித்தால் அது பயம். என்னைப் பார்த்துப் பயம்.

பத்து மாதம் இப்படி வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி, தனி அக்கவுண்ட் ஒன்றில் முப்பத்தெட்டாயிரத்து இருநூறு சேர்த்துவிட்டேன். கட்டணம் கட்டக் கடைசி நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. உடனே கட்டியிருக்கலாம். கடைசி நாளுக்கு முன்னால் யாருக்கும் பணம் கொடுக்கக் கூடாது, கையில் இருக்கிற வரைக்கும் அவசரத்துக்கு ஆகும் என்று நானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் சபையில் பெண்கள் ஐக்கியத்தின் ஜெபக் கூட்டம். தலைவி ஒரு ரிட்டயர்டு தலைமையாசிரியை. கஞ்சி போட்ட காட்டன் சேலை, கஞ்சி போட்ட குரல். ஜெபக் குறிப்புகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வந்தவர், ஒரு சீட்டை எடுத்துக் கண்ணாடியைச் சரிசெய்தார்.

"பெருங்களத்தூர் பக்கம் நம்ம சபைக் குடும்பம் ஒண்ணு, கடன் பாரத்துல இருக்காங்க. அவங்க வீட்டுக்காரருக்குக் கம்பெனி வேலை போயிடுச்சு. அம்மா டீச்சர். ஒரே பொண்ணு, காலேஜ்ல கடைசி வருஷம். பேர் வேண்டாம், கர்த்தருக்குத் தெரியும். பாரத்தோட ஜெபிப்போம்."

பேர் மட்டும்தான் சொல்லவில்லை. ரேஷன் கார்டு நம்பரையும் சொல்லியிருந்தால் ஜோலி முடிந்திருக்கும். பக்கத்தில் இருந்த அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, எனக்காகச் செய்யப்பட்ட ஜெபத்துக்கு நானே ஆமென் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "யாரு போய்ச் சொன்னது? நான் யார்கிட்டயாவது பத்து ரூபா கேட்டேனா?"

என் கணவர் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி, "ஜெபம்தானே பண்ணாங்க, அதுல என்ன போச்சு?" என்றார்.

"மானம் போச்சு."



ஞாயிற்றுக்கிழமை அறுப்பின் பண்டிகை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: அன்றைக்கு அவரவர் வீட்டிலிருந்து காய், பழம், கோழி, கேக் என்று கொண்டுவந்து ஆலயத்தில் படைப்போம். ஆராதனை முடிந்ததும் அதையெல்லாம் ஷாமியானாவுக்கு அடியில் ஏலம் விடுவார்கள். பொருளுக்காக யாரும் கேட்பதில்லை. இருபது ரூபாய்த் தேங்காய் இரண்டாயிரத்துக்குப் போகும். காசு ஆண்டவருக்கு, பேர் கேட்டவருக்கு. தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் வயலும் கிடையாது, அறுப்பும் கிடையாது. ஆனால் ஏலம் மட்டும் பிரமாதமாக நடக்கும்.

நாங்கள் மூன்று பேரும் நாலாவது வரிசையில் உட்கார்ந்திருந்தோம். மகள் எனக்கு இடது பக்கம். ஏலம் முடியும்வரை இருக்காமல் நடுவில் நழுவிவிடுவதுதான் அந்த வருஷத்துக்கான என் திட்டம். அப்போது ஒரு பூசணிக்காய் வந்தது. பெரிய காய்தான், மறுக்கவில்லை. மார்க்கெட்டில் நூற்றைம்பது ரூபாய் கொடுக்கலாம். மூன்றாவது வரிசையில் இருந்த தலைவி "ஐந்நூறு" என்று கேட்க ஆரம்பித்தார். யாரோ எழுநூறு என்றார்கள், அவர் ஆயிரம் என்றார். முன்வரிசைப் பெண்கள் இரண்டு பேர் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு, ஒருத்தி மற்றவள் காதில் என்னவோ சொன்னாள். என் கை மேலே போய்விட்டது. "இரண்டாயிரம்."

சட்டென்று கூட்டம் திரும்பியது. தலைவி நாலாயிரம் என்றார். நான் ஆறாயிரம் என்றேன். மைக் பிடித்தவர், "சகோதரி விட மாட்டாங்க போலிருக்கே!" என்று சிரித்தார். தலைவி எட்டாயிரம் என்று சொல்லிவிட்டு என் பக்கம் சாய்ந்து, எல்லாருக்கும் கேட்கிற ரகசியக் குரலில், "விட்டுருங்கம்மா. நீங்க எதுக்கு? உங்க நிலைமை ஆண்டவருக்குத் தெரியும்" என்றார்.

அந்த அன்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மூன்றாவது தடவையும் கையைத் தூக்கினேன். "பதினோராயிரம்."

கைதட்டினார்கள். மேஜைமேல் இருந்த அட்டையை ஸ்கேன் செய்து பணத்தை அனுப்பினேன். போய்ச் சேர்ந்ததும் ஃபோன் சந்தோஷமாக ஒரு சத்தம் போட்டது. என் கணவர் முகத்தில் ரத்தமில்லை. காரில் வந்தவர்கள் கை குலுக்கிவிட்டுப் போக, நாங்கள் பூசணிக்காயை ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

திங்கட்கிழமை புத்தி வந்தது. பதினோராயிரத்துக்கு அலைந்தேன். கிரெடிட் கார்டில் எடுக்க ஒன்றுமில்லை. நகை ஏற்கெனவே அடகில் இருந்தது. பள்ளியில் முன்பணம் தருவதில்லை என்றார்கள்; ஹார்டுவேர் முதலாளி போன மாதமே கொடுத்தாயிற்று என்றார். சித்தி மகளுக்கு ஃபோன் போட்டேன். "என்னக்கா, காய்ச்சல் சரியாயிடுச்சா?" என்று கேட்டாள். வைத்துவிட்டேன்.

புதன்கிழமை என் கணவர், சபைச் செயலாளர் வீட்டுக்குப் போகலாம் வா என்று கூப்பிட்டார். எதற்கென்று கேட்டதற்கு, வா என்றார். அங்கே போன பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஏழைப் பிள்ளைகள் படிப்புக்காக சபையில் ஒரு நிதி உண்டு. இவர் அதற்கு எனக்குத் தெரியாமல் மனு கொடுத்திருந்தார். மனு கொடுப்பவர்கள் ஜெபக் குறிப்பும் எழுதித் தர வேண்டுமாம். அந்தச் சீட்டை எழுதியது இவர்தான்.

செயலாளர் தலையைச் சொறிந்தார். "உங்க பொண்ணு பேரைத்தான் வெச்சிருந்தோம்மா, முழு ஃபீஸுக்கும். தலைவியம்மாதான் சிபாரிசே. நேத்து கமிட்டியில, பூசணிக்காய்க்குப் பதினோராயிரம் போடறவங்களுக்கு எதுக்கு உதவின்னு கேக்கறாங்க. நான் என்ன பதில் சொல்ல முடியும்? வேற பிள்ளைக்குக் குடுத்தாச்சு."

ஏலப் பணத்தையாவது திருப்பிக் கொடுங்கள் என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. என் கணவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து, "ஆண்டவருக்குக் கொடுத்தது கொடுத்ததுதான், வர்றோம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டேன். இரண்டாவது தடவையும் அதே தப்பு, இந்த முறை ஏலம்கூட இல்லை.

வெள்ளிக்கிழமை கல்லூரி ஆபீசில் இருபத்தேழாயிரத்தை நீட்டினேன். பாதியாக வாங்க மாட்டோம் என்றார்கள். ஹால் டிக்கெட் வரவில்லை. ஐந்து பேப்பர் அரியர் விழுந்தது, கேம்பஸ் இன்டர்வியூவும் போயிற்று. பூசணிக்காயை ஒரு வாரம் கூட்டும் குழம்புமாகச் செய்து வைத்தேன், வீணாக்கக் கூடாதே. மற்ற இரண்டு பேரும் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள். அத்தனையையும் நான்தான் தின்றேன்.

மகள் பிறகு அரியரை எழுதித் தேறிவிட்டாள். ஆனால் அந்தக் கம்பெனிகள் அதற்குள் வந்து போய்விட்டன. இன்று தாம்பரத்தில் ஒரு துணிக்கடையில் பில் கவுண்டரில் நிற்கிறாள். சம்பளத்தைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிடுகிறாள், கடன் இன்னும் ஓடுகிறது. என்னை அவள் ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டினால் தேவலை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் உரித்துக்கொண்டே, ஏதோ சாதாரண விஷயம் மாதிரி கேட்டாள்.

"அம்மா, அந்த ஏலத்துல மூணாவது தடவை கை தூக்குறதுக்கு முன்னாடி உன் முந்தானையைப் பிடிச்சு இழுத்தேன். உனக்குத் தெரிஞ்சுதா?"

"அந்தக் கூட்டத்துல என்ன தெரியும்? தெரியலடி" என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். எனக்குத் தெரிந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் அவள் விரல்களைத் தட்டிவிட்டுத்தான் கையைத் தூக்கினேன். அது அவளுக்கும் தெரியும்.