தொண்டையைப் பிடித்த கொடுக்காப்புளி

ஒட்டுக்கன்று வாங்கலாம், அதுதான் ருசி மாறாமல் காய்க்கும் என்று என் வீட்டுக்காரர் தலைபாடாக அடித்துக்கொண்டார். நான் கேட்டேனா?

"ஒட்டுக்கு ஆணிவேரு கெடையாது. நம்ம திருச்சுழிக் காட்டுல ஒரு கோடை தாங்காது. வெதை போட்டாத்தான் வேரு கீழ எறங்கும்" என்று சட்டம் பேசினேன். என் அம்மா வீட்டுக் கொல்லையில் நின்ற கொடுக்காப்புளி அப்படி இனிக்கும். அந்த விதையையே கொண்டுவந்து நாற்பது குழியில் ஊன்றினேன். தாய்மரம் இனித்தால் பிள்ளையும் இனிக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

வேர் விஷயத்தில் நான் சொன்னதுதான் நடந்தது. மழை ஏமாற்றிய வருஷங்களில் பருத்தி கருகிப்போனது, கொத்தமல்லி முளைக்கவே இல்லை. கொடுக்காப்புளி மட்டும் முள்ளும் இலையுமாக நின்றது. கன்றாக இருந்தபோது அதுகளுக்கு இடுப்பொடியக் குடம் சுமந்தவள் நான். "காய்க்கட்டும், பெறகு பேசுங்க" என்று அவர் வாயை அடைத்தேன்.

அவரும் ஒன்று சொல்லி வைத்திருந்தார். இதுவும் கைவிட்டால் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு வாட்ச்மேன் வேலைக்குப் போய்விடுவாராம். அங்கேயே தங்க வேண்டும். வீங்கின காலோடு, இந்த வயதில். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் பிரிந்து கிடந்ததே இல்லை.

ஐந்தாம் வருஷம் மாசியில் காய்த்தது. சுருள் சுருளாக, செக்கச்செவேலென்று. முதல் காயைப் பிளந்து சுளையை வாயில் போட்டேன். பாவி மரம், தொண்டையைப் பிடித்தது. அடுத்த மரத்துக்கு ஓடினேன். அதற்கடுத்தது. முள் கீறிக் கையெல்லாம் ரத்தம். ஒன்றிரண்டு சுமார், மற்றதெல்லாம் ஒரே துவர்ப்பு.

வீரசோழன் சந்தையிலிருந்து வந்த யாவாரி நாலு மரத்தில் ருசி பார்த்துத் துப்பினார்.

"நெறம் ஆளை அசத்துதுக்கா. ஆனா ஒருக்கா தின்னவுக மறுக்கா கேக்க மாட்டாகளே."

அவர் வண்டி போனதும் மண்ணில் உட்கார்ந்து கத்தினேன். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

அடுத்த வாரமே மதுரை வேலைக்கென்று பையும் கையுமாக அருப்புக்கோட்டை பஸ்ஸுக்கு நின்றார். சட்டைப் பையிலிருந்து கொடுக்காப்புளியை எடுத்து ஒவ்வொன்றாக உரித்து மென்றார்.

"அதை எதுக்குத் திங்கிறீக? துப்புங்க!"

"நல்லாத்தான இருக்கு. அந்த யாவாரிக்கு நாக்கு செத்துப்போச்சுடீ."

கண்ணில் தண்ணீர் முட்ட முட்ட விழுங்கினார். பொய் சொல்லவும் துப்பில்லாத மனுசன். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

எங்கள் பக்கம் கிளம்புகிறவர்கள் வெறுமனே 'போறேன்' என்று சொல்லக் கூடாது. 'போயிட்டு வாரேன்' என்று முடிக்க வேண்டும். பஸ் வந்தது. படியில் ஏறித் திரும்பினார்.

"போயிட்டு..."

தொண்டை பிடித்துக்கொண்டது. இருமினார். கண்டக்டர் விசில் அடித்துவிட்டார்.

"மிச்சத்தையும் சொல்லிட்டுப் போங்க! ஏங்க, மிச்சத்தையும் சொல்லுங்க!" என்று பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓடினேன். முக்கு திரும்புகிற வரைக்கும் ஜன்னலில் அவர் இருமுவது தெரிந்தது. அந்த ஒரு சொல் வரவே இல்லை.