விபூதிப் புதனன்று அப்பாவைத் தேடியபோது

சில வருடங்களுக்கு முன், மாசி மாதத்தில் ஒரு புதன்கிழமை காலை. சுருவில் என்ற தீவுக் கிராமத்தில், எங்கள் வீட்டில் தொடங்கியது.

அப்பாவுக்கு அப்போது மறதி நோய் முற்றியிருந்தது. நான் மகள் என்பதே அவருக்குத் தெரியாது. ஆனால் குளித்ததும் கை மட்டும் ஓலையில் பின்னிய திருநீற்றுக் குட்டானைத் தேடிப் போய்விடும். மூன்று விரலால் அள்ளிப் பூசாமல் தேத்தண்ணீர்கூடத் தொடமாட்டார். அன்று பார்த்துக் குட்டானில் திருநீறு முடிந்திருந்தது. பின்னேரம் கோயிலில் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனேன். திரும்பி வந்தால் கதிரையில் ஆளில்லை.

தீவில் எந்தப் பக்கம் நடந்தாலும் வழி கடலில்தான் முடியும். பிள்ளையார் கோயிலுக்கு ஓடினேன். ஐயரும் அவரைக் காணவில்லையாம். பிறகு கண்ணில் பட்ட கிணறுகளுக்குள் எல்லாம் எட்டிப் பார்த்தேன். உள்ளே தண்ணீர் மட்டும் தெரிந்தால் அடுத்த கிணற்றுக்கு ஓடுவேன்.

கடற்கரை ஒழுங்கையில் ஒரு பெண் சைக்கிளில் வந்தார். நெற்றியில் சாம்பலால் சிலுவை. அன்று கத்தோலிக்கருக்கு விபூதிப் புதன் என்பது அப்போதுதான் உறைத்தது. முன்பின் தெரியாதவரிடம் அழுதுகொண்டே கேட்டேன்.

"உயரமான ஐயாவோ? மேலில சட்டையில்லாமல்? எங்கட மாதா கோயில்ல இருக்கிறார். பயப்பிடாதேயும், ஏறும்."

பின்னால் ஏறிக்கொண்டேன். அதற்குள் வேறெங்கும் போயிருப்பாரோ என்ற நடுக்கம் போகவில்லை.

"வரிசையில வந்து நிண்டவர். சுவாமியார் ஒண்டும் கேக்கேல்லை, பூசிவிட்டவர்," என்றார் மிதித்தபடியே.

மாதா கோயில் விறாந்தையில் கிடந்த வாங்கில் அப்பா உட்கார்ந்திருந்தார். நெற்றியில் சிலுவை, கையில் தேத்தண்ணீர். அவர்களெல்லாம் ஒருசந்தி நோன்பு இருக்கும் நாளில் இவருக்கென்று யாரோ ஊற்றிக் கொடுத்திருந்தார்கள். எனக்கு உயிர் வந்தது. உடனேயே சொந்தக்காரர் கண்டால் என்ன சொல்வார்களோ என்ற பயமும் வந்தது. அப்பாவின் தோளில் கிடந்த துவாயை எடுத்து நெற்றியைத் துடைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டார்.

"அழிக்காதேயும் பிள்ளை. நீரும் போய்ப் பூசும். வெறும் நெத்தியோட நிக்கிறீர்."

அந்தப் பெண் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார். உள்ளே பிந்தி வந்தவர்கள் இன்னும் வரிசையில் நின்றார்கள். நானும் போய் நின்றேன். சுவாமியார் சாம்பலைப் பூசி, மனிதன் மண்ணுக்குத்தான் திரும்புவான் என்றார். உடம்பு சாம்பலாகும் என்றுதான் எங்கள் திருநீற்றுக்கும் பொருள் சொல்வார்கள். கிணறு கிணறாகப் பார்த்துவிட்டு வந்தவளுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

அப்பா இப்போது இல்லை. காலையில் திருநீறு எடுக்கும்போது எனக்கு முதலில் வருவது பக்தி அல்ல, அந்தக் கிணற்றடிப் பயம்தான். பூசிய பிறகுதான் அது கொஞ்சம் அடங்குகிறது.