மணல் பை தொங்கிய கால்

மழையில் ஊறிய மலைச்சரிவில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தோம். மேலே பட்டுப்போய் நின்ற மரமொன்று சாய்ந்து உருண்டு வந்தது. மற்றவர்கள் விலகிவிட்டார்கள். என் கால் மழைநீர் ஓடும் கானில் சிக்கிக்கொண்டது. மரத்தைப் புரட்டிப் பார்த்தபோது இடது தொடை நடுவில் வளைந்து கிடந்தது. அதைக் கண்ட பிறகுதான் வலி வந்தது.

கம்பளியில் கம்பு கோத்து, பசறையிலிருந்து பதுளை ஆஸ்பத்திரிக்கு நாலு பேர் சுமந்தார்கள். மறுநாள் விடிகாலை பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நிற்க வேண்டுமென்று அன்றே திரும்பிப் போனார்கள். என் மனைவிக்கு அப்போது நிறைமாதம்.

காலில் பிளாஸ்திரி ஒட்டி, கயிறு கட்டி, கட்டில் முனையில் ஒரு மணல் பையைத் தொங்கவிட்டார்கள். அது எதற்கென்று, வைத்தியம் பார்த்த யாழ்ப்பாணத்து அப்போதிக்கரி ஐயாவிடம் கேட்டேன்.

"உடம்பிலேயே பெரிய எலும்பு இதுதான். முறிஞ்சா, தொடைச் சதை ரெண்டு முனையையும் ஒண்டுக்கு மேல ஒண்டா இழுத்துப்போடும். அந்த இழுவைக்கு எதிர் இழுவைதான் இந்தப் பாரம்" என்றார்.

அவர் காலையில் ஒருமுறை வருவார். அதன்பின் தமிழ் பேச ஆளில்லை. மல்லாந்தே கிடந்து கூரைத் தகரத்தின் வரிகளை எண்ணினேன். புரண்டு படுக்கக் கூடாது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு சிங்களக் கிழவர். வாசற்படியில் தடுக்கி விழுந்தவராம். இடுப்பை ஒட்டிய இடத்தில் எலும்பு முறிந்து, கால் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது. என்னைவிட லேசான அடிதான் என்று நினைத்தேன். அவர் ஏதோ சொல்வார். நான் தமிழில் ஏதோ சொல்வேன். இருவரும் தலையாட்டிக்கொள்வோம். படுத்தே கிடந்ததில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஒருநாள் விடிந்தபோது காலியான அவர் கட்டிலைக் கழுவி வெயிலில் வைத்தார்கள். அதன்பின் தலையாட்டவும் ஆளில்லை.

ஏழாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை, என் மனைவி நடந்தே வந்தாள். இடுப்பில் சேலைத் துணியில் சுற்றிய குழந்தை. பிறந்து ஐந்து வாரமாகியிருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

"பொட்டப்புள்ளங்க" என்று என் நெஞ்சின் மேல் கிடத்தினாள். அசையக் கூடாதென்று மூச்சைக்கூட அடக்கிக் கிடந்தேன். அவள் என் இரண்டு பாதங்களையும் மாறிமாறிப் பார்த்தாள். இடது குதிகால் மேலே ஏறி நின்றது.

"நடந்துருவீங்கல்ல?"

"நடந்துருவேன். காலு கொஞ்சம் குட்டையாத்தான் இருக்குமாம்."

அவள் பிள்ளையை எடுத்துக்கொண்டாள். இருட்டுவதற்குள் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். அவள் போன பிறகு நெஞ்சில் பிள்ளை கிடந்த இடம் வெகுநேரம் சூடாயிருந்தது.

மூன்று மாதம் கழித்துக் கோலூன்றித் திரும்பினேன். இரண்டு விரற்கடை குட்டைக்கால் சரிவில் நிற்காது. தேயிலை தயாரிக்கும் ஸ்டோரின் மாடியில் கொழுந்து வாட்டும் வேலை கொடுத்தார்கள். அங்கே நான் ஒருவன்தான். சன்னல் வழியே பார்த்தால் எதிர்மலையில் கவ்வாத்துக்காரர்கள் வரிசையாக இறங்குவது தெரியும். அவர்கள் பேசிச் சிரிப்பது அவ்வளவு தூரம் கேட்பதில்லை.