அவுட்டர் சிக்னலில் ஏறிய முடக்கத்தான்

அறுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு சின்ன ஸ்டேஷனில் நான் சிக்னல் மெயின்டெய்னர். ஒருநாள், ஐப்பசி மழை விட்ட காலையில், ஸ்டேஷனுக்கு வெளியே நிற்கும் அவுட்டர் சிக்னலின் கை பாதிதான் இறங்கியது; முழுசாக இறங்கினால்தான் வண்டி உள்ளே வரலாம். டிரைவர் வண்டியை வெளியிலேயே நிறுத்திவிட்டு ரிப்போர்ட் கொடுத்துவிட்டார்.

ஸ்டேஷனில் இருந்தபடி அந்தக் கையை இறக்கும் லீவரை இழுத்தவர் ஆறுமுகம். அவருக்கு மூட்டுவலி என்பது ஸ்டேஷனுக்கே தெரியும். விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் அவர் முழங்காலைத்தான் பார்த்தார்.

“இன்னாய்யா, காலே ஊன முடியல, நீ எங்க லீவர இழுக்கப் போற? நாளைக்கு மெடிக்கலுக்குப் போ.”

மெடிக்கலில் உடம்பு லாயக்கில்லை என்று தள்ளிவிட்டால் வேலை போகும், கூடவே குவார்ட்டர்ஸும் போகும்.

எனக்கு எடுபிடி வேலை செய்யும் கலாசி மாரியைக் கூட்டிக்கொண்டு கம்பி போகும் வழியே நடந்தேன். லீவரிலிருந்து சிக்னல் வரை அந்தக் கம்பி, கட்டைகளில் மாட்டிய சின்னக் கப்பிகள் மேல் ஓடும். அவுட்டருக்குக் கொஞ்சம் முன்னால் கட்டையும் தெரியவில்லை, கப்பியும் தெரியவில்லை. எல்லாம் முடக்கத்தான் கொடி. பொடி வெள்ளைப் பூவும் பலூன் மாதிரிக் காயுமாகப் பார்க்க அழகுதான். ஆனால் ஒரு மழைக்கு வேலி, கம்பம் எதையும் விடாது. எங்களுக்கு ஜென்ம விரோதி. தண்டு கப்பிக்குள் புகுந்து கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது.

“இத்த ஏன்யா அறுக்காம உட்டே?” என்று கத்தினேன்.

மாரி தலையைச் சொறிந்தான். “ஆறுமுகண்ணன் சம்சாரம் சார். ‘அத்த மட்டும் அறுக்காத நைனா, அவரு காலுக்கு மாவுல அரைச்சு தோசை ஊத்தறேன்’னுச்சு. பாவம்னு உட்டுட்டேன்.”

யாரைத் திட்டுவது? தோசை, ரசம், தேய்க்கத் தைலம் என்று அந்த அம்மா கொடியை நம்பியிருந்தார். காலுக்கு மருந்தென்று காப்பாற்றி வைத்தது அந்தக் காலுக்கே வினையாகி நின்றது.

கொடியை அறுத்து, கப்பிக்கு எண்ணெய் விட்டோம். “ஆறுமுகமே இழுக்கட்டும் சார்” என்று இன்ஸ்பெக்டரிடம் பிடிவாதம் பிடித்தேன். இழுத்தார். கை முழுசாக இறங்கியது.

“செடிதானா? சரி, மெடிக்கல் வாணாம், போ” என்றார் இன்ஸ்பெக்டர். ஒரு மன்னிப்பு கேட்டால் குறைந்தா போய்விடுவார்!

அறுத்த கொடியை மாரி குவார்ட்டர்ஸில் கொண்டுபோய்க் கொடுத்தான். விஷயம் தெரிந்ததும் அந்த அம்மா வாசலிலேயே அழுதுவிட்டார்.

“அழாதமே,” என்றார் ஆறுமுகம். “எங்காலுக்குத்தான வெச்சே. மாவு கீதா? ஊத்து.”

அதன்பிறகு அந்தக் கம்பியில் ஒரு கொடிகூட ஏறவில்லை. நாங்கள் போவதற்குள் அந்த அம்மா கூடையோடு போய்ப் பறித்துவிடுவார்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். சிக்னல் இறங்கவில்லையா, முதலில் கம்பியோடு நடந்து பாருங்கள். ஆளின் காலை அப்புறம் பார்க்கலாம்.