புல்லில் போட்ட சோபா

கனடாவின் மொன்றியலில் நான் வந்திறங்கிய நாளில்தான், எனக்கு இடம் தருகிற யாழ்ப்பாணத்துக்காரர் யோகண்ணை வீடு மாறுகிறார். சென்னையிலிருந்து வந்த களைப்போடு சோபாவின் ஒரு முனையைத் தூக்குகிறேன். தெருவிலிருந்து மாடிக்கு வளைந்தேறும் இரும்புப் படியில் அது பாதியிலேயே சிக்கிக்கொள்கிறது.

“படியை யாருண்ணே வெளியில வெச்சது?”

“நூறு வருசத்துக்கு முந்தின நகரசபைதான், தம்பி. சனம் கூடக்கூட வீடுகள் நெருக்குது எண்டு, சனம் காத்தாட இருக்க முன்னால புல்லுக்கு இடம் விடச் சொன்னவை. கட்டினவை உள்ளுக்கை இடம் மிச்சம் பிடிக்கப் படியை வெளியில தள்ளிப்போட்டினம்.”

மெல்லக் கீழே இறக்கி, அந்தப் புல்லிலேயே சோபாவைப் போட்டு உட்காருகிறோம். யோகண்ணை பிளாஸ்க்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றுகிறார். வெயில் இதமாக இருக்கிறது. போகிறவர்கள் ‘போன்ஜூர்’ சொல்கிறார்கள்.

“இப்ப என்ன அவசரம், பேந்து ஏத்துவம்” என்று காலை நீட்டுகிறார். நகரசபையின் தீர்மானத்தை முழுசாக நிறைவேற்றியவர்கள் நாங்கள்தான் போலிருக்கிறது.