நூடுல்ஸ் கடை வரிசையில் ஒரு முகம்

துபாய் அல் குசைஸில் உட்கார்ந்தபடியே துவாரகனுக்கு ஒசாகாவின் அந்தக் கடைத்தெரு அத்துப்படி: கூட்டம் வரிசை கட்டும் நூடுல்ஸ் கடை, குடைக்கடை, ஜனங்கள் காலாற நடக்கும் கால்வாய்க்கரை. இணைய வரைபடத்துக்காக அங்கே எடுத்த படங்களில் ஆட்களின் முகங்களை மங்கலாக்குவதுதான் அவன் டியூட்டி. சேமித்த கணமே மூலப்படம் அழிந்துவிடும். ஏழு வருடப் பழக்கத்தில் கை கண்ணுக்குக் காத்திருப்பதில்லை.

இன்று நூடுல்ஸ் வரிசையில் ஒருவன் தலைசாய்த்து நின்றான். புருவத்தில் அதே வெட்டுத்தழும்பு. யுத்தத்தின் கடைசியில் காணாமல்போன அண்ணன்! நிறுத்த நினைப்பதற்குள், சனியன் பிடித்த கை மங்கலாக்கிச் சேமித்துவிட்டது.

மங்கிய முகத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் தொலைபேசி அழைப்பு வந்தது. அண்ணனின் படத்தோடு இன்றும், காணாமல்போனோரின் தாய்மார் நடத்தும் கிளிநொச்சி வீதியோரப் போராட்டத்தில் இருந்தாள்.

"தம்பி, வெயிலிலை படம் வெளிறிப் போச்சு. முகம் வடிவாத் தெரியேல்லை. உன்னட்டை வேறை படம் ஏதும் இருக்கே?"